திருட்டும் இரக்கமும்: 40 ஷில்லிங்கிலிருந்து 5,000 ரூபாய் வரை

1713-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டப்படி, வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடியவருக்குத் தூக்கு. திருட்டு ஐயமற நிரூபணமான பின்னும், பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று எத்தனையோ வழக்குகளில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். துணி, கடிகாரம் என்றால் விலையைக் குறைத்துச் சொல்ல இடமுண்டு. ரொக்கமே களவுபோன வழக்குகளிலும் அதே 39 வந்தது. இது அறம் கருதிச் சொன்ன பொய் என்றே அக்காலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் கண்டார்.

ஓர் உயிர் தப்பியது நல்லதே. ஆனால் யாருக்குத் தப்பியது? அந்தக் காலத்துக் கருணை, நிலவுடைமையாளர்கள் ஏழைகளைப் பணிய வைத்த கருவி என்று வரலாற்றாசிரியர் டக்ளஸ் ஹே 1975-இல் வாதிட்டார். ஜூரிகளும் நீதிபதிகளும் குற்றத்தின் தன்மை பார்த்தே முடிவெடுத்தனர் என்று சட்ட வரலாற்றாசிரியர் ஜான் லாங்பைன் 1983-இல் மறுத்தார். லாங்பைன் சொன்னதே சரியென்று கொண்டாலும், கூண்டில் நின்றவருக்குத் தனக்கு இரக்கம் கிடைக்குமா என்று தெரிய வழியில்லை. உரிமையாகக் கேட்க முடியாத இரக்கம் நீதியாகாது என்பதே என் வாதம்.

பறிகொடுத்தவர்களுக்கும் அந்தக் கடுமை உதவவில்லை. துணி வெளுக்கும் களங்களில் திருடினால் தூக்கு என்றிருந்ததை நீக்கும்படி, 1811-இல் களங்களின் உரிமையாளர்களே நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். உயிர் போகும் என்பதால் வழக்குத் தொடுக்கவே ஆட்கள் தயங்கினர், திருடியவர்கள் தப்பினர். அந்த ஆண்டே தூக்கு நீங்கியது. தண்டனை கடுமையாக இருப்பதைவிடத் தவறாமல் கிடைப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இல் எழுதியது இங்கே மெய்யானது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், திருட்டைப் பற்றிய 303-ஆம் பிரிவில் இரக்கத்தைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தண்டனை, பொருளோ அதன் மதிப்போ திரும்பி வந்துவிட்டது: இம்மூன்றும் பொருந்தினால் சமூக சேவையே தண்டனை. இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மூன்றாவது நிபந்தனை உறுத்துகிறது. செல்போனைத் திருடியவர் அதைத் திருப்பித் தரலாம். அரிசியைத் திருடி உலையில் போட்டவர் எதைத் தருவார்? பணமிருந்தால் அவர் திருடியே இருக்கமாட்டார். அவரை 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடுவிக்கலாம்தான்; ஆனால் அது நீதிபதியின் விருப்பம். மறுபடியும் ஜூரி காலத்து நிலைதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சிறு திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவின்றி போலீஸ் விசாரிக்க முடியாது. 4,000 ரூபாய் போனைப் பறிகொடுத்த தள்ளுவண்டிக்காரர், வியாபாரத்தை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போவாரா? பெரும்பாலும் போகமாட்டார். திருடியவருக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆகவே 303-இல் இரண்டு திருத்தங்கள் வேண்டும். திருப்பித் தர இயலாதவர் சமூக சேவையின் நேரத்தைக் கூட்டி ஈடுசெய்ய வழிவிடவேண்டும். பறிகொடுத்தவருக்கு அந்த மதிப்பை அரசு உடனே கொடுக்கவேண்டும். விசாரணையைப் பொறுத்தவரை, தொகை எதுவானாலும் புகாரைப் பதிந்து விசாரிக்கும் கடமை காவல் நிலையத்துக்கே இருக்கவேண்டும்.