பிள்ளைப்பேறும் இடுப்புத்தளமும்: ஒரு வரலாற்று நோக்கு

1915ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. 'மகப்பேறு: உழைக்கும் பெண்களின் கடிதங்கள்' என்பது அதன் பெயர். பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தோர் தமது பிள்ளைப்பேற்று அனுபவங்களைக் குறித்து எழுதிய 160 கடிதங்களை அச்சங்கத்தின் செயலாளர் மார்கிறற் லூவலின் டேவிஸ் தொகுத்திருந்தார். எழுதியோரின் பெயர்கள் அதில் இல்லை. கணவனின் கூலி எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, இறந்து பிறந்தவை எத்தனை, கருவிலேயே சிதைந்தவை எத்தனை என்ற கணக்கே பெயருக்குப் பதிலாகக் காணப்படுகிறது.

கருவுற்ற பெண்ணினதும் ஈன்ற பெண்ணினதும் இடுப்புத்தளத்தைப் பேணும் இயன்மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுந்த நாம் இக்கடிதங்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணமுண்டு. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் ஒரு வைத்தியரின் பெயரோடு தொடங்கப்படுகிறது. நோயைச் சுமந்தவர் யார் என்ற வினா அவ்வாறு விடுபட்டுப் போகிறது.

முன்னெலும்பிலிருந்து வாலெலும்புவரை ஏணைபோல் விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் தசைகளையே இடுப்புத்தளம் என்கிறோம். பிள்ளை வெளிவரும்போது இவை மிகவும் விரிவடைகின்றன; சிலவேளை கிழிந்தும் போகின்றன. வலுவிழந்த ஏணை தொய்வதுபோல் இவை தொய்ந்தால், இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசியும், கருப்பை கீழிறங்கும். இவற்றைச் சொல்லக் கூசும் சமூகத்தில் நோயே இல்லையென்று எண்ணப்படுகிறது. நமது வகுப்பறைகளில் இனப்பெருக்கப் பாடம் எவ்வளவு விரைவில் கடந்து செல்லப்படுகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

அப்பெண்கள் கூசவில்லை. பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே சலவைத் தொட்டியின் முன் நின்றதையும், கருப்பை இறங்கிய உடலோடு ஆண்டுக்கணக்காக வேலை செய்ததையும் அவர்கள் எழுதினர். தமக்கு எவரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்ற குரல் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறது. இவர்கள் தொழிலாள வர்க்கத்தின் கடைக்கோடியில் இருந்தவர்களுமல்லர்; ஓரளவு நிலையான கூலி பெற்றோரின் மனைவியரே பெரும்பாலோர். அவர்களுக்கும் கீழே இருந்தோரின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

சட்டம் இருக்கவே செய்தது. பிள்ளை பெற்ற பெண்ணை நான்கு வாரங்களுக்குள் வேலைக்கு அமர்த்தலாகாது என 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆனால் அந்நான்கு வாரங்களுக்குக் கூலி உண்டா? இல்லை. ஓய்வு கொள் என்று கூறிய சட்டம் எதை உண்டு ஓய்வதென்று கூறவில்லை. 1911இன் தேசிய காப்புறுதிச் சட்டம் மகப்பேற்றுக்கு 30 சிலிங் கொடுத்தது. அப்பணம் தாய்க்கே உரியது என்பதை 1913இல் திருத்தமாகப் பெறுவதற்குக் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் போராட வேண்டியிருந்தது.

வசதி படைத்தோர் வீட்டிலோ நிலைமை தலைகீழ். தாயை இரண்டு மூன்று வாரங்கள் படுக்கையிற் கிடத்துவதே அக்கால வைத்திய வழக்கு. அசையாத தசையும் நலியும். ஒருத்தி எழக்கூடாத நேரத்தில் எழுந்து கெட்டாள்; மற்றவள் எழவேண்டிய நேரத்திற் கிடந்து நலிந்தாள்.

இவ்வழக்கைச் சென் தோமஸ் வைத்தியசாலையின் மகப்பேற்று வைத்தியர் பெயார்பேண் ஐயுற்றார். 1912இல் அவர் அங்கிருந்த உடற்பிடிப்புப் பாடசாலையின் பொறுப்பாளரான மினி றன்டெல் அம்மையாரை அணுகி, ஈன்ற பெண்கள் படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை வகுக்குமாறு கேட்டார். தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயின்றிருந்தவர் அவர். அத்தொழிலுக்கே அன்று நல்ல பெயர் இருக்கவில்லை. உடற்பிடிப்பு நிலையங்களின் பெயரில் ஒழுக்கக்கேடு நடைபெறுகிறதென 1894இல் எழுந்த கூக்குரலுக்கு விடையாகவே, நான்கு பெண்கள் பயிற்சி பெற்ற உடற்பிடிப்பாளரின் சங்கத்தை நிறுவியிருந்தனர். இன்றைய பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கத்தின் மூலவித்து அதுவே. நடனக் கலைஞரான மார்கிறற் மொறிஸ், இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1936இல் விளக்கி எழுதினார்.

இவ்வளவும் நடந்தபின், 1948இல், அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் தமது கட்டுரையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் அப்பயிற்சிக்கு அவர் பெயரே வழங்குகிறது. அவருடைய பணி சிறிதன்று. தசை இறுகும் அளவைக் காட்டும் கருவியொன்றை அமைத்து, தன் முயற்சியின் பயனைப் பெண் தானே கண்டு முன்னேறச் செய்தார். சரியான தசையைத்தான் இயக்குகிறோமா என்பதைப் பயின்ற ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும் என்பதே அவரது முறையின் உயிர். பிற்காலத்தில் அவரது பெயர் பரவியது. அவர் வற்புறுத்திய வழிகாட்டலோ பல இடங்களிற் கைவிடப்பட்டது. பெண்ணின் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது செலவு குறைந்த வழியல்லவா?

அதே 1948இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. வைத்தியரிடம் செல்லக் காசில்லாதிருந்த பெண்கள், நெடுங்காலம் மறைத்து வைத்திருந்த கருப்பை இறக்கத்தோடு முதன்முறையாக வைத்தியசாலை வாயிலில் வந்து நின்றனர். பிரான்சில் ஈன்ற தாய்க்கான இடுப்புத்தளப் பயிற்சியின் செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்கிறது. பிரித்தானியாவின் இன்றைய வைத்திய வழிகாட்டல், இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசியும் பெண்ணுக்கு முதற் சிகிச்சையாகக் குறைந்தது மூன்று மாதப் பயிற்சியை, மேற்பார்வையுடன், வழங்குமாறு கூறுகிறது. கூலி இழக்காமல் அம்மேற்பார்வைக்கு வரக்கூடியவள் எவள் என்பதை வழிகாட்டல் கூறுவதில்லை. 1891இன் சட்டமும் அதைக் கூறவில்லை.