கெண்டை

கெண்டை என்றதும் மீன்தான் நினைவுக்கு வரும். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் சதையும் கெண்டைதான். நாகசுரக்காரரைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்: நாகசுரத்தின் மரக்குழலான உலவின் தலையில் செருகும் சிறு உலோகக் குழாய். வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தாங்குவது அதுதான். திரண்டு ஒடுங்கும் உருவம் மூன்றுக்கும் பொது. பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

கூம்பு வடிவம் என்பதால் இரு முனையிலும் அளவு பார்க்க வேண்டும். ஒன்றில் சீவாளியை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். மற்றது உலவில் ஆடாமல் உட்கார வேண்டும்; தளர்ந்தால் காற்று கசியும், கூடுதலாக நூல் சுற்றுவார்கள். குட்டை நாகசுரமான திமிரிக்கு வாய்த்தது நீண்ட வகையான பாரிக்கு ஒத்துவராது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரமே ஆனாலும், திருவாவடுதுறைச் சீவாளியே பூட்டினாலும், நடுவில் கெண்டை பிசகினால் சுருதி நிற்காது.

மேல்நாட்டு ஊதுகருவியான ஃப்ளூகல்ஹார்னிலும் இதே தொல்லைதான். அதன் ஊதுவாய்த் தண்டில் பெரிய மோர்ஸ், சிறிய மோர்ஸ், ஏறக்குறைய சரிவே இல்லாத பிரெஞ்சு எனக் கூம்புச் சரிவில் மூவகை உண்டு. மாற்றி வாங்கினால் காசு தண்டம்.

சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த நாகசுரம், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டுக் குளிரில் சற்று இறங்கி ஒலிக்கும். குழாய்க் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும் என்பதே காரணம். கெண்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சுருதி ஏறும்.