குவார்ட்டர்ஸ் வீட்டில் தங்காத கடிதங்கள்

மலேசியத் தமிழரின் பழங்கதையைத் தேடுகிறவர் கடைசியில் போய்ச் சேரும் இடம் கோலாலம்பூரில் முன்பு ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். ரயில்வே தமிழர் குடியிருந்த செந்தூலிலிருந்து சிறிது தூரம்தான். அங்கே 1870களில் தொடங்கும் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில் தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லை. சம்பளத்தைக் கூட்டச் சொன்னவர், ஊருக்குப் போக லீவு கேட்டவர், நிலம் கேட்டவர், வேலை போன பிறகு கருணை காட்டச் சொன்னவர் என்று எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள். இதையே படித்துப் படித்து நம் வரலாற்று நூல்களுக்கும் அந்தக் குரல் ஒட்டிக்கொண்டது: தமிழன் வந்தான், உழைத்தான், மனுக் கொடுத்தான். மனு எழுதிய அதே ஆள் அன்றிரவு மனைவிக்கு என்ன எழுதினான், தம்பியை எப்படி ஏசினான், துரையை என்ன கேலி பேசினான்? அந்தத் தாள் கோப்பில் ஏறவில்லை. நம் முன்னோர் பணிந்தே வாழ்ந்தவர்கள் என்று தோன்றுவதற்குக் காரணம் அவர்கள் குணம் அல்ல. பணிந்து எழுதிய தாளுக்கு மட்டுமே இங்கே நிலையான அலமாரி இருந்தது என்பதுதான் என் வாதம்.

ஓர் அலமாரி என்னவெல்லாம் செய்யும் என்பதை அமெரிக்காவின் ஆடம்ஸ் குடும்பத்திடம் பார்க்கலாம். இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸும் மனைவி அபிகேலும் 1762 முதல் 1801 வரை ஒருவருக்கொருவர் எழுதியவற்றில் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அபிகேல் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். 1776 மார்ச்சில் புதிய சட்டங்கள் எழுதப்போகும் கணவருக்கு, பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று எழுதினார். அந்த ஒரு கடிதத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுபவை மற்றவை: அதே ஆண்டு கோடையில் பிள்ளைகளுக்கு அம்மை குத்தியது, பணத்தின் மதிப்பு சரிந்தது, 1777 ஜூலையில் காப்பிக்கொட்டையைப் பதுக்கிய பாஸ்டன் வணிகரிடம் நூறு பெண்கள் வண்டியோடு போய்ச் சாவியைப் பறித்து மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. இவை வீட்டுக் கடிதத்தில்தான் வரும். அபிகேல் தன் கடிதங்களை எரித்துவிடும்படி பலமுறை கேட்டுக்கொண்டார், கணவர் எரிக்கவில்லை. மகன், ஆறாவது அதிபர் ஜான் குயின்ஸி ஆடம்ஸ், தாள்களுக்குத் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டும் என்று உயிலில் எழுதினார். பேரன் சார்லஸ் பிரான்சிஸ் 1840இல் பாட்டியின் கடிதங்களை அச்சிட்டார்; 1870இல் குயின்ஸி ஊரின் பரம்பரை வீட்டருகே கல்லால் நூலகம் கட்டினார். 1905இல் குடும்பம் ஓர் அறக்கட்டளை வைத்தது. 1956இல் எல்லாம் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் உடைமையாயின. நுண்படச் சுருள் மட்டுமே 608. முதல் அதிபரின் மனைவி மார்த்தா வாஷிங்டன் கணவர் இறந்த பின் கடிதங்களை எரித்துவிட்டார். ஆகவே அந்த வீட்டைவிட ஆடம்ஸ் வீடுதான் இன்று நமக்கு நன்றாகத் தெரிகிறது. பெருமையில் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசமில்லை, அடுப்பில்தான் வித்தியாசம்.

அதிபர் வீட்டையும் ரயில்வே கூலி வீட்டையும் ஒப்பிடலாமா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கடிதம் ஏது என்று கேட்கலாம். முதலில், நம்மிடமும் பெரிய வீடுகள் இருந்தன. கி. தம்புசாமிப் பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர், ராபிள்ஸ் கல்விநிலையத்தில் படித்தவர். சிலாங்கூரின் முதல் ரெசிடெண்ட் டேவிட்சனோடு 1875இல் கிள்ளானுக்கு வந்து கருவூலத் தலைமை எழுத்தரானார். பிறகு சீனச் செல்வர் லோக் இயூவோடு சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தி, அங்கே மின்சாரம் கொண்டுவந்தார். மகாமாரியம்மன் கோயில், பத்துமலை, விக்டோரியா கல்விநிலையம் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு என்று ஒரு புத்தகம் நம் அலமாரியில் இல்லை. கல்லும் கோபுரமும் மிஞ்சின. இரண்டாவது, செந்தூல் ரயில்வே பட்டறையையும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸையும் நிரப்பியவர்கள் கைநாட்டுக்காரர்கள் மட்டும் அல்லர். கிராணி, நிலைய அதிகாரி, கணக்கர் வேலைகளில் யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் ஏராளம். எழுதத் தெரியாதவரும் கடிதம் போட்டார். தெரிந்தவரை உட்காரவைத்துச் சொல்லி எழுதுவித்தார். ஊரில் தபால்காரரே அதைப் படித்துக் காட்டினார். எழுத்தறிவு இல்லாதது வேறு, கடிதம் இல்லாதது வேறு.

வெயில், மழை, கறையான், அதற்கு மேல் போர் என்று அடுத்த சமாதானம் வரும். அதில் உண்மை உண்டு. 1942 முதல் 1945 வரை இந்தியாவோடு தபால் தொடர்பு அறுந்தது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே பட்டறையைக் குண்டு போட்டுத் தகர்த்தன. ஆனால் இதே கறையான் மலாக்காவிலும் இருந்தது. அங்கே ஹீரன் தெருப் பரம்பரை வீட்டுக்காரரான அரசியல்வாதி டான் செங் லாக்கின் கடிதங்கள் பிழைத்து, இன்று நம் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வு நிலையத்திலும் இருக்கின்றன. செட்டியார்களின் பேரேடுகள் செட்டிநாட்டு வீடுகளில் தங்கின. இந்த வீடுகள் எல்லாம் சொந்த வீடுகள். செந்தூல் ரயில்வேக்காரருக்கு வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. பென்ஷன் வாங்கிய மாதம் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாத்திரம், சாமிப் படம், நகை இவற்றைக் கட்டி எடுத்துப் போகிறவர் முப்பது வருடக் காகிதத்தையா தூக்கிப் போவார்? பட்டறையே இப்போது பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய ரயில்வே கட்டடமொன்றில் 2005 முதல் நாடகம் நடக்கிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது, நல்லதுதான்.

பழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் வீடுகளில் கடிதத்துக்கு இருந்த இடம் அடியில் கட்டை வைத்த ஒரு கொக்கிக் கம்பி. வந்த கடிதத்தைப் படித்துக் கம்பியில் குத்துவார்கள். கம்பி நிறைந்தால் எல்லாவற்றையும் உருவி வெந்நீர் அடுப்பில் போடுவார்கள். கருமாதிக் கடிதம் கம்பிக்குக்கூடப் போகாது. படித்த கையோடு கிழித்து வெளியே எறிய வேண்டும். தேதி, உறவுமுறை, ஊர்ப் பெயர் எல்லாம் திருத்தமாக எழுதப்பட்ட ஒரே கடிதம் அதுதான் என்பது இதிலுள்ள வேதனை. சரி, மற்றக் கடிதங்களில் என்ன பெரிய செய்தி இருந்துவிடும், நலம் நலமறிய ஆவல் என்பதைத் தவிர என்று ஒருவர் சலித்துக்கொள்ளலாம். நலம் விசாரித்து முடித்து ‘இப்பவும்’ என்று ஒரு சொல் விழும். அதற்குப் பிறகுதான் கடிதமே: அனுப்பிய பணம் யார் கைக்குப் போயிற்று, நிலத்தை மீட்டாயிற்றா, தங்கைக்கு வரன் வந்ததா, இங்கே அரிசி என்ன விலை. அபிகேலின் காப்பிக்கொட்டைக்கு இவை எந்த விதத்தில் குறைந்தவை? மலாயாக் கூலித் தமிழரின் பொருளாதாரத்தைத் தொழிலாளர் துறை ஆண்டறிக்கைகளை வைத்து எழுதுகிறோம். அந்த அறிக்கைகளுக்கு ‘இப்பவும்’ தெரியாது.

எல்லாம் அழிந்தது என்று முடிவு கட்டவும் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் கடிதம் எழுதியவரிடம் இருப்பதில்லை, பெற்றவரிடம் இருக்கிறது. இலங்கைத் தேசியக் காங்கிரஸின் முதல் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலம் பெரிய அரசியல் குடும்பத்தவர், அரசியல் தலைவர் ராமநாதனின் தம்பி. அவர் ஞானநெறி பற்றி எழுதிய கடிதங்கள் 1927இல் நூலானது கொழும்பு வீட்டால் அல்ல. கேம்பிரிட்ஜ் காலத்து ஆங்கில நண்பர் எட்வர்ட் கார்ப்பெண்டர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, அருணாசலம் 1924இல் மறைந்த பிறகு பதிப்பித்தார். செந்தூலுக்கும் இதே கணக்குதான். இங்கிருந்து போன கடிதம் இங்கே கிடைக்காது. நாகப்பட்டினத்து ஓட்டு வீட்டிலோ யாழ்ப்பாணத்தில் மலாயன் பென்ஷன்காரர் கட்டிய கல்வீட்டிலோ தேட வேண்டும். குவார்ட்டர்ஸில் குடியிருந்தவருக்கு அங்கேதான் சொந்தச் சுவர் இருந்தது. அவற்றில் யாழ்ப்பாணச் சுவர்களைப் பின்னால் இலங்கை உள்நாட்டுப் போர் இடித்தது; அதற்கு முன்பே 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இருந்தும் தகரப் பெட்டிகள் எல்லாம் எரிந்துவிடவில்லை. மனுக்களை அரசாங்கம் சேர்த்து வைத்தது, அது அதன் வேலை. 1960களில் மலேசியாவின் அஞ்சல் துறையே துன் சம்பந்தன் என்ற தமிழரின் பொறுப்பில் இருந்தது. கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க நம்மிடம் ஆள் இருந்தார், சேர்ந்த கடிதத்தை வைக்க இடம்தான் இல்லை. இப்போது செந்தூலில் அடுக்குமாடி வீட்டுக்குச் சொந்தப் பத்திரம் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்திரத்தை வைத்த இழுப்பறையில் இன்னும் இடம் இருக்கும்.