பின்தங்கும் இழையின் கணக்கு

டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. 1956இல் ஆர்தர் கார்ன்பெர்க் கண்டறிந்த பாலிமரேஸ் நொதியோ ஒரே திசையில்தான் புதிய இழையை நீட்டியது. பின்னர் கண்டறியப்பட்ட பாலிமரேஸ்களும் அப்படியே. பழைய இழைகள் பிரியும் கவட்டில் ஒரு பக்கம் தடையின்றி நகல் வளரும். மறுபக்கம், அதாவது பின்தங்கும் இழை, எப்படி வளரும்? துண்டு துண்டாகத்தான் என்று 1960களின் பிற்பாதியில் காட்டியவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி சுனேகோவும். ஈ.கோலி பாக்டீரியாவுக்கு, டிஎன்ஏவில் சேரும் கதிரியக்கத் தைமிடினைச் சில நொடிகளே கொடுத்தார்கள். அந்த நொடிகளில் உருவான டிஎன்ஏ பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து (நியூக்ளியோடைடு) நீளத் துண்டுகளாகவே கிடைத்தது. கூடுதல் நேரம் விட்டதும் அதே கதிரியக்கம் நீண்ட இழைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

பிரித்தெடுக்கும்போது இழை உடைந்திருக்கக் கூடாதா? நியாயமான ஐயம். 1967இல் பல ஆய்வகங்கள் லைகேஸ் என்ற ஒட்டு நொதியைக் கண்டறிந்திருந்தன. சூடு ஏறினால் லைகேஸ் முடங்கிவிடும் டி4 வைரஸை ஒகசாகி குழு எடுத்துக்கொண்டது. சூட்டில் துண்டுகள் குவிந்தன. சூட்டைத் தணித்ததும் இணைந்தன. கைபட்டு உடைந்தவை இப்படி நடந்துகொள்ளா. ஹிரோஷிமாவில் சிறுவயதில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி, 1975இல் 44 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் இன்னொரு மறுப்பு எழுந்தது: டிஎன்ஏவுக்குள் தவறி நுழைந்த யுராசில் என்ற ஆர்என்ஏ எழுத்தை வெட்டியெடுக்கும்போதும் துண்டுகள் உண்டாகுமே? உண்டாகும்தான். ஆனால் அந்த வெட்டு நொதியே இல்லாத பாக்டீரியாவிலும் சிறு துண்டுகள் தென்பட்டன. துண்டுகளின் தலையில் ஒட்டியிருந்த ஆர்என்ஏ தொடக்கத்தையும் சுனேகோ தொடர்ந்து ஆராய்ந்து நிறுவினார்.

பாக்டீரியாவில் வேலை இப்படி நடக்கிறது: பிரைமேஸ் நொதி சிறிய ஆர்என்ஏ தொடக்கம் இடும், பாலிமரேஸ் 3 அதை நீட்டும், பாலிமரேஸ் 1 முன்னாலுள்ள ஆர்என்ஏவைத் தின்றபடியே இடத்தை டிஎன்ஏவால் நிரப்பும், கடைசி விரிசலை லைகேஸ் ஒட்டும். மனித உயிரணுவில் துண்டுகள் நூறு, இருநூறு எழுத்துகள்தான். அங்கே பழைய தொடக்கம் வால்போலப் பெயர்ந்து நிற்க, ஃபென்1 நொதி அதை நறுக்குகிறது.

எதிர்த்திசையில் நீட்டும் ஒரு நொதி இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாமே என்பதுதான் வலுவான கேள்வி. இது இயற்கையின் கோணல் இல்லை, பிழை திருத்துவதற்குக் கொடுக்கும் விலை என்பதே என் பதில். இழையில் சேரும் ஒவ்வொரு எழுத்தும் பிணைப்புக்கான ஆற்றலைத் தானே சுமந்து வருகிறது. ரங்கூனில் கூட்டுக்கடை வைத்த நகரத்தார் கணக்கில் சொன்னால், புதுக் கூட்டாளி தன் முதலோடு வருகிறார். சரிப்படாதவரை விலக்கினாலும் அடுத்தவர் தன் முதலைக் கொண்டுவருவார், கடை நடக்கும். எதிர்த்திசையில் நீட்டினாலோ முதல் கடைசியாகச் சேர்ந்தவரிடம் இருக்கும். அவரை அனுப்பினால் முதலும் போகும். இழை அங்கேயே நின்றுவிடும். தவறை அழித்துத் திருத்த வேண்டுமென்றால், இந்தச் சுற்றுவழியே மலிவு.

அந்தச் சுற்றுவழியின் கடைசிப் படியில் மருத்துவத்துக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மனித லைகேஸ் வேலை செய்ய ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். காசநோய்க் கிருமியின் முதன்மை லைகேஸுக்கோ என்ஏடி என்ற வேறொரு மூலக்கூறு வேண்டும். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் அந்தக் கிருமி லைகேஸின் ஒரு பகுதியின் வடிவத்தை வெளியிட்டு, அதைத் தடுக்கும் சேர்மங்களையும் தேடியது. நம் ஒட்டு நொதியைத் தொடாமல் கிருமியினுடையதை மட்டும் முடக்கலாம் என்பதே அந்தத் தேடலின் அடிப்படை.

(தொடரும்)