என்ஜினுக்கு வண்ண ஹோஸ்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

மெர்சிங் – பானெட்டைத் திறந்தால் கறுப்பு ரப்பருக்குப் பதிலாகச் சிவப்பு, நீலம், ஊதா நிற ஹோஸ்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது நம் இளைஞர்கள் பலரின் ஆசை. புரோட்டோன் வீரா, சத்ரியா, பெரோடுவா கஞ்சில், கெலிசா ஓடிய காலத்தில் பரவிய இந்த மோகம், மைவி தலைமுறையிலும் குறையவில்லை. மீட்டர் கணக்கில் ஹோஸ் விற்கிறார்கள். ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

மெர்சிங் வட்டாரத்தில் இருப்பவர்கள் இதில் சற்றுக் கூடுதலாக யோசிக்க வேண்டும். இங்கிருந்து ஜொகூர் பாரு செல்ல ஜெமாலுவாங், கோத்தா திங்கி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். குளுவாங் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வழி நெடுகச் செம்பனையும் காடும்தான். நடுவழியில் ஒரு கிளிப் கழன்றால் பக்கத்தில் பட்டறை இருக்காது. தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே கார். பிள்ளையின் பள்ளி, பாட்டியின் கிளினிக், அப்பாவின் வேலை எல்லாம் அந்த ஒரு வண்டியை நம்பித்தான் நடக்கின்றன. அழகு செய்வதில் தவறில்லை. ஆனால் எந்த ஹோஸ் எதைச் சுமக்கிறது என்று தெரிந்த பிறகே கையை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒரு வேலை

பானெட்டின் கீழ் உள்ள ஹோஸ்களை, அவை எதைக் கொண்டு செல்கின்றன என்பதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது எளிது.

முதலாவது, கூலன்ட் ஹோஸ்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், சில கார்களில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு சிறிய ஹோஸ்கள். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் கொதிப்பதில்லை. அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடுகிறது.

இரண்டாவது, வேக்கம் ஹோஸ்கள். என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைப் பிற கருவிகளுக்குக் கொண்டு செல்பவை. இவற்றுள் மெல்லியவை 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டவை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸும் இந்த வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது, எண்ணெய் ஆவியையும் பெட்ரோல் ஆவியையும் சுமப்பவை. என்ஜினின் மேல் மூடியிலிருந்து காற்றுப் பாதைக்குத் திரும்பும் ஹோஸ் எண்ணெய் ஆவியைக் கொண்டு போகிறது. பெட்ரோல் டாங்கியின் ஆவியை என்ஜினுக்குள் இழுக்கும் ஹோஸ் இன்னொன்று. பார்வைக்கு இது வேக்கம் ஹோஸ் போலவே இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

நான்காவது, திரவத்தை அழுத்தத்தோடு சுமப்பவை. பெட்ரோல், பிரேக் எண்ணெய், பவர் ஸ்டியரிங் எண்ணெய், கியர் எண்ணெய், ஏர்கோன் வாயு ஆகியவற்றின் குழாய்கள் இவை. மைவியில் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவதால் ஸ்டியரிங் எண்ணெய் ஹோஸ் இல்லை. பழைய வீராவில் உண்டு.

சிலிக்கன் எல்லாவற்றுக்கும் ஏற்றதல்ல

கார் தொழிற்சாலையிலிருந்து வரும் கறுப்பு கூலன்ட் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. கூலன்டையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். கடையில் விற்கும் வண்ண ஹோஸ் பெரும்பாலும் சிலிக்கன். தரமான சிலிக்கன் ஹோஸ் 180 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சூட்டில் விறைத்து வெடிப்பதும் குறைவு. பந்தயக் கார்களில் அதைப் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம். நிறம் பிறகு வந்தது.

ஆனால் சாதாரண சிலிக்கனுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. பெட்ரோல் பட்டால் ஊதி, மெத்தென்று ஆகி, கடைசியில் கிழியும். கிழியும் முன்பே ஆவி அதன் சுவர் வழியாகக் கசியத் தொடங்கும். இரண்டு, அது மென்மையானது. கூர்மையான கிளிப் அதை அறுத்துவிடும். சுவர் மெல்லியதாக இருந்தால் வெற்றிடத்தில் சப்பையாகி அடைத்துக்கொள்ளும்.

மேற்சொன்ன நான்கு வகைகளில் வீட்டில் மாற்றக்கூடியவை எவை என்பது இதிலிருந்தே தெரியும்: கூலன்ட் ஹோஸும், பெட்ரோலோ எண்ணெயோ சம்பந்தப்படாத சிறு வேக்கம் ஹோஸ்களும் மட்டும்.

தொடக்கூடாதவை

பெட்ரோல் ஹோஸ்: இன்ஜெக்‌ஷன் கார்களில் இதன் அழுத்தம் ஏறக்குறைய 3 பார். மயிரிழை அளவு ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் தூவானமாகத் தெறிக்கும். அருகிலேயே எக்ஸோஸ்ட் குழாய் பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாக இருக்கிறது. கார் தீப்பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பிரேக் பூஸ்டர் ஹோஸ்: காலால் மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தருவது பூஸ்டர். அதன் ஹோஸ் சப்பையானாலோ கழன்றாலோ பிரேக் கல்லாக இறுகிவிடும். மிதித்தால் நிற்கும், ஆனால் பழகிய தூரத்தில் நிற்காது. அந்த ஹோஸில் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பி மாட்டினால் பூஸ்டர் வேலையே செய்யாது.

பிரேக் எண்ணெய், பவர் ஸ்டியரிங், கியர் எண்ணெய், ஏர்கோன் குழாய்கள்: இவற்றைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். எண்ணெய் ஆவி ஹோஸும் டாங்கி ஆவி ஹோஸும் நிறத்துக்காக மாற்ற வேண்டியவை அல்ல. சிலர் எண்ணெய் ஆவி ஹோஸைக் கழற்றி வெளியே தொங்க விடுகிறார்கள். அது காற்றை மாசுபடுத்துவதோடு என்ஜின் மேலெல்லாம் எண்ணெய் படியச் செய்யும்.

இவற்றுக்கும் நிறம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. நீளவாக்கில் பிளந்த வண்ண உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரிஜினல் ஹோஸைக் கழற்றாமலே அதன் மேல் மாட்டலாம். சூடு தாங்கும் உறையாக இருக்க வேண்டும். எக்ஸோஸ்ட் பக்கமும் பெல்ட் பக்கமும் போகக்கூடாது. பெட்ரோல் ஹோஸுக்கு மட்டும் உறையும் வேண்டாம். கசிவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மாற்றும் முறை

என்ஜின் முழுவதும் ஆற வேண்டும். இரவு நிறுத்திய காரில் காலையில் வேலை தொடங்குவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு எது எங்கே என்று தேடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பழைய ஹோஸின் உள்விட்டத்தை அளந்து, அதே அளவு புதியதை, அதே நீளத்துக்கு, நேராக வெட்டி மாட்டுங்கள். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் முனை உடைந்துவிடும். பிளேடால் மெல்ல நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்.

ரேடியேட்டர் ஹோஸ் வாங்கும்போது உங்கள் கார் மாடலுக்கென்றே வளைத்து வார்த்ததை வாங்குங்கள். நேரான ஹோஸை வளைத்து மாட்டினால் மடிப்பு விழுந்து நீரோட்டம் தடைபடும். கீழ் ஹோஸில் கூடுதல் கவனம் வேண்டும். வாட்டர் பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. உள்ளே துணி இழை அடுக்குகள் இல்லாத மலிவு ஹோஸ், வேகமாக ஓட்டும்போது உட்புறமாகச் சப்பையாகும்.

கூலன்டை ஒரு தொட்டியில் பிடியுங்கள். அது இனிப்பானது, ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும். சிறு பிள்ளைகளும் இருப்பார்கள். கால்வாயில் ஊற்றாமல் மூடிய கலத்தில் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிலிக்கன் ஹோஸின் சுவர் தடித்தது. பழைய ஸ்பிரிங் கிளிப் பெரும்பாலும் பொருந்தாது. உட்புறம் வழவழப்பாக உள்ள ஸ்டெயின்லஸ் கிளிப் வாங்குங்கள். கிளிப், உலோக முனையில் உள்ள மேட்டுக்கு உட்புறமாக அமர வேண்டும். இறுக்கமாக இருந்தால் போதும். பலம் கொண்ட மட்டும் திருகினால் ஹோஸ் அறுபடும்.

கார் கையேட்டில் சொன்ன கூலன்டை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடியே என்ஜினை ஓட விடுங்கள். ஹீட்டர் இருந்தால் அதையும் முழுச் சூட்டில் வையுங்கள். காற்றுக் குமிழிகள் வெளியேறி, கூலன்ட் மட்டம் இறங்கும், மீண்டும் நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடியைப் பூட்டி, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை காத்திருங்கள். என்ஜின் ஆறிய பிறகு கிளிப்புகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். முதல் வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டி, தினமும் காலையில் கூலன்ட் மட்டத்தையும் காரின் அடித்தரையையும் பாருங்கள். அதன் பிறகே ஜொகூர் பாரு பயணம்.

தவறு நடந்தால் தெரியும் அறிகுறிகள்

என்ஜின் நின்ற இடத்தில் ஏறி இறங்கிச் சத்தமிட்டால், ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்தால், எங்கோ காற்று சீறும் ஒலி கேட்டால் வேக்கம் ஹோஸ் சரியாக அமரவில்லை என்று பொருள். இனிப்பு வாசனை வந்தால் கூலன்ட் கசிகிறது. பெட்ரோல் வாசனை வந்தால் காரை எடுக்கவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால் சூட்டை அளக்கும் சென்சர் நீரில் இல்லாமல் வெறும் காற்றில் இருக்கும். அப்போது மீட்டர் சரியான சூட்டைக் காட்டாமல் போகலாம். ஊசி நடுவில் நிற்கிறதே என்று நம்பி ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சில ரிங்கிட் மிச்சம் பிடித்த கிளிப், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். சூடு ஏறிய அறிகுறி தெரிந்ததும் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள், மூடியைத் திறக்காதீர்கள்.

கடலும் மழையும்

கடற்கரையோரம் நிற்கும் கார்களில் உப்புக் காற்று முதலில் பிடிப்பது கிளிப்பையும் திருகையும்தான். ஹோஸ் புதிதாக மின்னும். அதைப் பிடித்திருக்கும் கிளிப் உள்ளுக்குள் துருவேறியிருக்கும். மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். தீபாவளிப் பயணமும் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே வருகிறது. மழைக்கு முன் ஒரு முறை பானெட்டைத் திறந்து முழுச் சோதனை செய்துவிடுங்கள்.

சட்டமும் காப்புறுதியும்

வாகனங்களில் செய்யும் மாற்றங்களை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் உள்ள விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. என்ஜினையே மாற்றினால் ஜேபிஜே ஒப்புதல் வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஹோஸை வேறு நிறத்தில் மாட்டுவது அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் உறைகளையும் ஹோஸ்களையும் என்ஜின் எண், சேசிஸ் எண் மறையும்படி அமைக்காதீர்கள். காரை விற்கும்போது உரிமை மாற்றச் சோதனையில் அந்த எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உத்தரவாதக் காலம் முடியாத புதிய காராக இருந்தால், விற்பனை நிலையத்தைக் கேட்காமல் கூலன்ட் ஹோஸைத் தொட வேண்டாம். செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னால் தகராறு வராமல் காக்கும்.

கழற்றிய ஒரிஜினல் ஹோஸ்களைத் தூக்கி எறியாமல், இரண்டு கிளிப்புகளோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் பூட்டில் வைத்திருங்கள். வழியில் வண்ண ஹோஸ் கைவிட்டால், அந்தப் பழைய கறுப்பு ரப்பர்தான் குடும்பத்தை வீடு கொண்டு வந்து சேர்க்கும்.