கண்ணில் படாத நம் படங்கள்: மலேசிய, சிங்கைத் தமிழ்ச் சுயாதீனத் திரைப்படங்கள் (2005–2016)

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அரசு ஆவணங்களையும் நாளேடுகளையும் நாடுவது வழக்கம். திரைப்படத்தையும் அவ்வரிசையில் வைத்து எண்ணும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. பெருநிறுவனத் துணையின்றிச் சிறு முதலீட்டில் உருவாகும் படங்களோ, அரங்குகளில் சில நாள் ஓடி நம் கண்ணில் படாமலே மறைந்துவிடுகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2005க்கும் 2016க்கும் இடையே உருவான அத்தகைய படங்கள் சிலவற்றை ஈண்டு காண்போம்.

இப்படங்கள் பிறப்பதற்குத் தொழில்நுட்ப மாற்றம் ஒன்று வழிவகுத்தது. படச்சுருளில் படமெடுப்பது பெருஞ்செலவு பிடித்த காலத்தில், புதியவர் ஒருவர் இத்துறையில் நுழைவது அரிதாயிருந்தது. மின்னிலக்கக் கருவிகள் அத்தடையைத் தளர்த்தின. மலேசியாவில் 2000ஆம் ஆண்டு அமீர் முகமது மின்னிலக்க முறையில் முழுநீளப் படம் ஒன்றை எடுத்தார். அவரைத் தொடர்ந்து மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் இளைய இயக்குநர்கள் தத்தம் சூழலைப் படமாக்கத் தொடங்கினர்.

தமிழில் அவ்வழியில் வந்தவர் தீபக் குமரன் மேனன். 2005இல் வெளிவந்த அவருடைய ‘செம்மண் சாலை’, 1960களின் இரப்பர்த் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. பல்கலைக்கழகக் கல்வியை விரும்பும் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கதை அது. அடுத்து வந்த ‘சலங்கை’ பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் எளிய குடும்பமொன்றைக் காட்டியது. தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த நம் வரலாற்றின் இரு முனைகளை இவ்விரு படங்களிலும் காணலாம்.

சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு சீன இயக்குநர் எரிக் கூ, ‘மை மேஜிக்’ என்னும் படத்தைப் பெரும்பாலும் தமிழ் உரையாடலிலேயே எடுத்தார். மாயவித்தைக் கலைஞரான பிரான்சிஸ் போஸ்கோ அதில் தந்தையாக நடித்தார். கான் திரைப்பட விழாவின் தலைமைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படம் இதுவே. அப்பெருமை ஒரு தமிழ்ப் படத்தின் வழி வந்தது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

2015 டிசம்பரில் ஷான்ஜெய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வெளிவந்தது. கெட்டது எனப் பொருள்படும் ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல், தமிழர் நாவில் திரிந்த வடிவமே இத்தலைப்பு. தோட்டங்கள் சிதைந்து மக்கள் புறநகர்க் குடியிருப்புகளில் ஒதுங்கிய 1990களின் தொடக்கமே இதன் காலம். மகன் படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை ஏங்குகிறார். கற்பனை மிகுந்த அச்சிறுவனைப் பள்ளி புரிந்துகொள்ளவில்லை. குண்டர் கும்பல் அவனை ஈர்க்கிறது. ஆசிரியராகிய நாம் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டிய படம் இது.

2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், படங்களை மொழி அடிப்படையில் வெவ்வேறு பிரிவுகளாகப் பிரித்தமை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மலாய்த் திரைக்கலைஞர் பலரும் அந்த எதிர்ப்பில் இணைந்தனர். பின்னர் ஏற்பாடு மாற்றப்பட்டு, ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமாக அறிவிக்கப்பட்டது. தமிழில் பேசும் படமும் நாட்டின் படமே என்ற ஏற்பு அவ்வகையில் கிட்டியது. அதே ஆண்டில் சிங்கப்பூரர் கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’, கான் நகரில் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து மீண்ட தமிழர் ஒருவரே அதன் நாயகர்.

அயல்நாட்டு விழாக்கள் வரவேற்ற இப்படங்களை நாம் கவனியாது விட்டது ஏன்? இங்குள்ள தமிழ்த் திரைகளைப் பெரிதும் நிரப்புபவை சென்னைப் படங்களே. பாடலும் நட்சத்திரமும் கொண்டு படத்தை அளந்து பழகிய நமக்கு, மெதுவாக நகரும் இக்கதைகள் அயலாகத் தோன்றின. அதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. மலாய்ச் சொல் விரவிய நம் பேச்சுத் தமிழும், லயத்து வீடுகளின் வாழ்க்கையும் அசையும் உருவாகப் பதிவான இடங்கள் மிகச் சிலவே. அவ்வீடுகள் பல இன்று இல்லை. அங்குப் பேசியவர்களும் மறைந்து வருகின்றனர்.

ஆதலால், தகுதியான படத்தைத் தேடிக் காண்பதையும் கல்வியின் ஒரு கூறாக நாம் கொள்ளுதல் வேண்டும். திரைப்பட விழாக்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தல், ஓர் இயக்குநரின் ஒரு படத்திலிருந்து அவருடைய மற்றப் படங்களுக்குச் செல்லுதல், வசன வரிகளின் துணையுடன் பிறமொழிப் படங்களையும் காணுதல் ஆகியவை எளிய வழிகள். மாணவர் வயதுக்கேற்ற படத்தை ஆசிரியர் முன்கூட்டியே பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். படத்தில் வரும் வட்டாரச் சொற்களைப் பட்டியலிடச் செய்து, அவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டுவரச் சொல்லலாம். தாத்தா பாட்டியின் விடைகளோடு மாணவர் வகுப்புக்குத் திரும்பும்போது, ஏட்டில் ஏறாத வரலாறும் அவர்களோடு வந்து சேரும்.