குழுச் சமூகத்திறன் பயிற்சி

மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் கண்டவர்கள், பிறரோடு பேசிப் பழகும் திறனைச் சிறு குழுவாகக் கூடி மீட்டெடுக்கும் மறுவாழ்வு முறை இது. காதில் குரல் கேட்பதையும் காரணமற்ற சந்தேகத்தையும் மருந்து பெரும்பாலும் தணித்துவிடும். ஆனால் ஒதுங்கிப்போவதும், முகம் பார்த்துப் பேசாமையும், வேலையில் நிலைக்க முடியாமையும் மருந்துக்கு எளிதில் அசைவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிபர்மேன் இம்முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர். குழுவில் பொதுவாக ஆறு முதல் எட்டுப் பேர், பயிற்சியாளர் இருவர். கேட்பது, மறுப்பது, மனக்குறையைச் சொல்வது என ஒவ்வொரு திறனையும் படிப்படியாகப் பிரித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் முதலில் நடித்துக் காட்டுவார்; பிறகு ஒவ்வொருவரும் நடிப்பர். நன்றாகச் செய்ததை முதலில் சொல்லி, திருத்த வேண்டியதைப் பிறகு சொல்வது விதி. அடுத்த அமர்வுக்குள் அந்தத் திறனை வெளியில் செய்துபார்க்க வேண்டும்.

22 ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, கற்றுக்கொடுத்த திறன் நன்கு படிவதையும், அன்றாட வாழ்வில் நடுத்தர முன்னேற்றம் இருப்பதையும், நோய் திரும்புவதைத் தடுப்பதில் பலன் குறைவு என்பதையும் காட்டியது. இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் இதை எல்லோருக்கும் வழக்கமாக அளிக்கப் பரிந்துரைப்பதில்லை. பயிற்சி அறையில் வந்த பேச்சு ஆலை வாசலைத் தானாகத் தாண்டிவிடாது.

சென்னையை அடுத்து ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கு இப்பயிற்சி நேரடியாகப் பொருந்தும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும் ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. ஐடிஐ, டிப்ளமோ முடித்த இளைஞர்கள் உற்பத்தி லைனில் சேரும் வயதும், மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டும் வயதும் ஒன்றே. இங்கே ஒத்திகை பார்க்க வேண்டிய பேச்சுகளும் இவ்வூருக்கே உரியவை: தூக்கம் கெட்டால் நோய் முற்றக்கூடும் என்பதால் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்பது, மருத்துவமனை நாளுக்கு லீவு சொல்வது, அறைத்தோழர் நீட்டும் மதுவை மறுப்பது, கம்பெனி பஸ்ஸில் “இத்தனை நாளா எங்கடா போன?” என்ற கேள்விக்குத் தலைகுனியாமல் பதில் சொல்வது.

இப்பகுதி அமைந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு முன்னோட்டம் உண்டு. மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் பங்கேற்ற காப்சி (COPSI) ஆய்வு, கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 282 பேரிடம் நடந்தது. அது குழுப் பயிற்சி அல்ல. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த பணியாளர்கள், மருத்துவமனைச் சிகிச்சையோடு சேர்த்து, வீட்டருகே மறுவாழ்வுத் துணை தந்தார்கள். சுயஉதவிக் குழுக்களோடும் இணைத்தார்கள். 2014இல் லான்செட் இதழில் வந்த முடிவுகளின்படி ஒட்டுமொத்தப் பலன் மிதமானதே. ஆனால் அறிகுறிகளும் செயல்குறைவும் மிகுதியாகக் குறைந்தது தமிழ்நாட்டுக் களத்தில்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்கிறது. அதன்படி சமவாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனங்களும் வெளியிடக் கடமைப்பட்டவை. ஒரகடத்து ஆலைகள் அக்கொள்கையில் மனநோயைப் பெயர் சொல்லிச் சேர்த்து, பயிற்சி முடித்து வருபவருக்குப் பகல் ஷிப்ட் ஒதுக்க வேண்டும்.